பழைய தெருவில் புது வீடு: புதுச்சேரித் தமிழ்ப் பகுதியில் கட்டப்போகிறவர்களுக்கு

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, பழைய ஊரைச் சுற்றி ஓடும் புல்வார் சாலையின் எல்லைக்குள், உங்களுக்கு ஒரு மனை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாகத்தில் வந்திருக்கலாம், விலைக்கு வாங்கியிருக்கலாம். இருந்த வீடு எப்போதோ விழுந்துவிட்டது. இரண்டு பக்கமும் பழைய வீடுகள், நடுவில் 20 அடி அகலமும் 90 அடி ஆழமுமாக ஒரு காலி இடம். அதில் வீடோ, சின்னதாக ஒரு தங்கும் விடுதியோ கட்ட நினைக்கிறீர்கள். தெருவும் கெடக் கூடாது, இன்றைய வசதிகளும் வேண்டும். இரண்டும் சேர்ந்தே நடக்கும். ஆனால் சில வேலைகளைச் சரியான வரிசையில் செய்ய வேண்டும்.

பழைய வீடு இன்னும் நின்றுகொண்டிருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு, சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு வீட்டைக் காட்டுங்கள். சிமென்ட் வேலை மட்டும் தெரிந்தவர் "இடிக்க வேண்டியதுதான்" என்று சொல்லும் வீடுகள் பலவற்றில், இற்றுப்போன உத்தரங்களை மாற்றி, கூரையில் நீர் இறங்கும் இடத்தை அடைத்தாலே போதும். நின்றுகொண்டிருக்கும் வீட்டுக்கு ஈடாக எந்தப் புது வடிவமைப்பையும் என்னால் சொல்ல முடியாது.

அடுத்து ஒரு தவறான எண்ணம். இந்த ஊரில் "பாரம்பரியமா கட்டணும்" என்று சொன்னால் உடனே மஞ்சள் வண்ணம், வெள்ளைக் கரை, ஆர்ச் வைத்த ஜன்னல் என்று எலிவேஷன் வரைந்து கொடுத்துவிடுகிறார்கள். அது வாய்க்காலுக்குக் கிழக்கே இருக்கும் பிரெஞ்சுப் பகுதியின் முகம். அங்கே உயர்ந்த மதில், பெரிய வாயிற்கதவு, உள்ளே தோட்டம், அதற்குப் பின் வீடு என்று அமைப்பே வேறு. தமிழ்த் தெருவில் வீடு தெருவோடு பேசிக்கொண்டிருக்கும். நடந்து போகிறவருக்கு நிழல் தர மரத்தூண்கள் தாங்கிய தாழ்வாரம், உட்கார்ந்து இளைப்பாறத் திண்ணை, அப்புறம் வேலைப்பாடுள்ள கதவு, நடை, முற்றம், கொல்லை. இப்படிப்பட்ட தெருவில் ஆர்ச் வைத்த மஞ்சள் கட்டடம் ஒன்று எழுந்தால், சுற்றுலா வருபவருக்கு அது பழையதாகத் தெரியலாம். அந்தத் தெருவுக்கு அது அந்நியம். புதுச்சேரியில் தமிழ்ப் பகுதி சத்தமில்லாமல் அழிந்துகொண்டிருப்பதற்கு இடிப்பது ஒரு காரணம் என்றால், இடித்த இடத்தில் பக்கத்துப் பகுதியின் முகத்தை ஒட்டவைப்பது இன்னொரு காரணம்.

நான் சொல்ல வருவது இதுதான். தெரு என்னென்ன வேலை செய்கிறதோ அதை உங்கள் வீடும் செய்யட்டும். நிழல் தருகிறது, இருக்கை தருகிறது, ஒரே வரிசையில் நிற்கிறது, ஒரே உயரத்தில் முடிகிறது. இவற்றைப் பிடித்துக்கொண்டால் தூணும் பூவேலையும் வைக்காமலேயே உங்கள் வீடு அங்கே பொருந்தும். இவற்றை விட்டுவிட்டு எத்தனை மரத்தூண் வாங்கி நிறுத்தினாலும் பொருந்தாது.

தெருவை அளப்பது

பிளான் போடும் முன் தெருவை வரையுங்கள். உங்கள் மனைக்கு இடப்பக்கம் ஐந்து வீடு, வலப்பக்கம் ஐந்து வீடு, எதிரே உள்ள வீடுகள் என எல்லாவற்றின் முகப்பையும் ஒரே நீளத் தாளில் வரிசையாக வரைய வேண்டும். டேப், போன் கேமரா, துணைக்கு ஓர் ஆள் போதும். காலையில் போங்கள். வெயிலும் குறைவாக இருக்கும், திண்ணையில் யாராவது இருப்பார்கள். "பக்கத்துல வீடு கட்டப் போறோம், அளவு எடுத்துக்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பின்னால் இந்த அறிமுகம் மிகவும் உதவும்.

எடுக்க வேண்டிய அளவுகள்: தெருவின் அகலம், ஒவ்வொரு வீட்டின் அகலம், தெருமட்டத்திலிருந்து திண்ணையின் உயரம், திண்ணையின் ஆழம், தாழ்வாரக் கூரை விளிம்பு எந்த உயரத்தில் முடிகிறது, கதவின் அகலமும் உயரமும், ஜன்னல்களின் அகலமும் உயரமும், முதல் மாடி தொடங்கும் இடத்தில் ஓடும் கோட்டின் உயரம், கைப்பிடிச் சுவரின் உச்சி.

இதை முழுவதும் அளந்து முடித்ததும் தாளில் ஒன்று தானாகத் தெரியவரும். வீடுகள் ஒவ்வொன்றும் வேறுவேறாக இருக்கும். ஆனால் தாழ்வார விளிம்பு ஏறக்குறைய ஒரே கோட்டில் ஓடும், திண்ணை ஒரே மட்டத்தில் போகும், ஜன்னல்கள் எல்லாம் அகலத்தைவிட உயரம் அதிகமாக, ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கை ஒட்டியே இருக்கும். அந்தக் கோடுகளை உங்கள் காலி மனையின் மேல் பென்சிலால் நீட்டுங்கள். உங்கள் முகப்பில் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் தெருவை மட்டும் பாருங்கள். இந்த ஊரின் தெருக்கள் ஒரே மாதிரிச் சதுரச் சதுரமாக வெட்டப்பட்டிருக்கின்றன. டச்சுக்காரர்கள் 1693 முதல் 1699 வரை ஊரைப் பிடித்து வைத்திருந்தபோது போட்ட திட்டத்தின் தொடர்ச்சி அது. 1761இல் ஆங்கிலேயர் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கிய பிறகும், 1765க்குப் பின் திரும்பக் கட்டியவர்கள் அந்தத் தெருக்கோடுகளை விடவில்லை. ஆனால் கோடுதான் ஒன்று. மிஷன் வீதியை ஒட்டிய கிறிஸ்தவர் தெருக்களின் முகப்பு வேறு, முல்லா வீதிப் பக்கம் முஸ்லிம்களின் வீடுகள் வேறு, வைசியாள் வீதி வேறு. கீழே தமிழ் முறையில் தாழ்வாரமும் திண்ணையும், மேல்மாடியில் பிரெஞ்சு முறைத் தூண்களும் பலகணியுமாகக் கலந்த வீடுகளும் நிறைய உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையே அந்தக் கலப்புக்கு நல்ல உதாரணம்.

அளவு எடுத்த கையோடு வைசியாள் வீதிக்குப் போய் ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள். கல்வே சுப்புராய செட்டி வீதி என்றும் பெயர்ப்பலகையில் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின் கீழ், இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நேவ்-சுர்-லோ நகரங்களின் கூட்டுறவோடு, மரபுப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பு இந்த வீதியின் ஒரு பகுதியில் முகப்புகளைச் சீர்செய்தது. அதற்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. ஒரு வீட்டை மட்டும் அழகாக்காமல் தெருவையே ஒரு பொருளாக எடுத்துக்கொண்டதுதான் அதன் சிறப்பு.

அனுமதி: வரையும் முன் கேட்க வேண்டியவை

பலர் பிளான் முடித்துவிட்டு அனுமதிக்குப் போகிறார்கள். பழைய பகுதியில் அது பணத்தையும் மாதங்களையும் தின்னும். முதலில் நகர அமைப்புக் குழுமத்துக்குப் போய் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். உங்கள் மனையோ பக்கத்து மனைகளோ மரபுக் கட்டடப் பட்டியலில் உள்ளனவா? உங்கள் தெருவுக்கு உயர வரம்பு என்ன? முன்பக்கமும் பக்கவாட்டிலும் விட வேண்டிய இடம் எவ்வளவு? விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால் நண்பர் வீட்டுக்கு அனுமதி கிடைத்த கணக்கை நம்ப வேண்டாம். மரபுக் கட்டடங்களுக்கான ஆலோசனைக் குழுவின் ஒப்புதல் தேவைப்படுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். கடலை ஒட்டிய தெருக்களுக்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் உண்டு.

இதே வேலையைத் தஞ்சாவூரிலோ காஞ்சிபுரத்திலோ செய்கிறவர்கள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடத்துக்கு இடமில்லை, அதற்கடுத்த 200 மீட்டருக்குள் முன் அனுமதி வேண்டும் என்று 2010இல் திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது.

குழுவுக்குக் கொடுக்கும் வரைபடத்தில் உங்கள் வீட்டின் முகப்பு மட்டும் இருக்கக் கூடாது. தெரு முழுவதையும் வரைந்தீர்களே, அந்த நீளத் தாளில் உங்கள் வீட்டைச் செருகிக் கொடுங்கள். பார்க்கிறவர்களுக்குக் கேள்வியும் பதிலும் ஒரே தாளில் கிடைத்துவிடும்.

தெருக்கோடும் திண்ணையும்

இதுதான் மிகவும் முக்கியமான இடம், அதிகம் பிசகும் இடமும் இதுவே.

பொதுவான கட்டட விதி முன்னால் இடம் விடச் சொல்லும். பழைய தெருவில் எல்லா வீடும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு தெரு விளிம்பிலேயே நிற்கும். உங்கள் வீடு மட்டும் ஐந்தடி பின்வாங்கி, முன்னால் காம்பவுண்டுச் சுவரும் கேட்டும் வைத்தால் வரிசையில் ஒரு பல் விழுந்துவிடும். விதியையும் மீற முடியாது, வரிசையையும் விட முடியாது என்றால் என்ன செய்வது?

தாழ்வாரமே விடை. சுவரை ஐந்தடி பின்னால் தள்ளுங்கள். அந்த ஐந்தடியில் திண்ணை போடுங்கள். மேலே தாழ்வாரக் கூரையை இறக்கி, அதன் விளிம்பையும் தூண்களையும் தெருக்கோட்டில் நிறுத்துங்கள். தரையில் இடம் விட்டாயிற்று, பார்வைக்கு வரிசை விடாமல் ஓடுகிறது, நடப்பவருக்கு நிழலும் கிடைக்கிறது. முன் இடத்தின் மேல் கூரை வருவதை எவ்வளவு அனுமதிப்பார்கள் என்பதைத்தான் குழுமத்தில் பேசி எழுத்தில் வாங்க வேண்டும். பழைய காலத்தில் தாழ்வாரம் நடைபாதையின் மேலேயே நின்றது. இன்று உங்கள் மனைக்கு வெளியே ஒரு தூண் நட்டாலும் ஆக்கிரமிப்பு என்று இடிப்பார்கள், ஆகவே எல்லாம் உங்கள் எல்லைக்குள்ளேயே.

இப்படித் தொடர்ந்து ஓடும் கூரையுள்ள நடையைச் சட்டமாகவே வைத்திருந்த ஊர்கள் உண்டு. சிங்கப்பூருக்கு 1822இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் போட்ட நகரத் திட்டத்தில், ஒவ்வொரு வீடும் முன்னால் மூடிய நடைவழி விட வேண்டும், அது தெரு நெடுக விடாமல் ஓட வேண்டும் என்று இருந்தது. லிட்டில் இந்தியாவில் மழையில் நனையாமல் கடை கடையாக இன்றைக்கும் நடக்க முடிவது அதனால்தான். நம் தாழ்வாரத்துக்கு அப்படிச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை, வழக்கமே காத்தது. வழக்கம் தளர்ந்த இந்தக் காலத்தில் கட்டுகிறவர்தான் அதைக் கையில் எடுக்க வேண்டும்.

திண்ணையின் உயரத்தை முடிவுசெய்வது நினைப்பதைவிடச் சிக்கல். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் தெரு ஏறிக்கொண்டே போயிருக்கிறது. பக்கத்து வீட்டுத் திண்ணை கட்டிய காலத்தில் இரண்டரை அடி இருந்திருக்கும், இன்று ஒன்றரை அடிதான் தெரியும். அதன் மட்டத்துக்கே உங்கள் வீட்டுத் தரையையும் வைத்தால் ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே வரும். தரையை மூன்றரை அடிக்குத் தூக்கினால் திண்ணையில் யாராலும் உட்கார முடியாது, வரிசையும் உடையும். இரண்டையும் பிரித்துவிடுங்கள். திண்ணை பக்கத்து வீட்டின் மட்டத்துக்கோ அதைவிட ஒரு படி மேலாகவோ இருக்கட்டும். வீட்டின் தரையை உள்ளே நடையில் இரண்டு படி வைத்து ஏற்றிக்கொள்ளுங்கள். தெருவிலிருந்து பார்ப்பவருக்கு அந்த ஏற்றம் தெரியாது. உள்ளே வயதானவர்கள் இருந்தால் படிக்குப் பதிலாக நடையின் நீளத்தைப் பயன்படுத்திச் சாய்தளம் போடலாம்.

கார். இதைப் பேசாமல் இன்று யாரும் வீடு கட்டுவதில்லை. கீழ்த்தளம் முழுவதையும் பில்லர் மேல் தூக்கி வண்டி நிறுத்த விடுவது பழைய தெருவுக்குச் செய்யும் பெருங்கேடு. தெருமட்டத்தில் கதவு, ஜன்னல், மனிதர்கள் எல்லாம் போய் ஓர் இருட்டுப் பொந்துதான் மிஞ்சும். 20 அடி முகப்பில் ஒரு காருக்கு எட்டரை அடி கொடுத்தே ஆக வேண்டுமென்றால், ஒரு ஓரத்தில் மரத்தாலான நான்கு மடிப்புக் கதவு போடுங்கள். உருட்டும் இரும்பு ஷட்டர் வேண்டாம். மீதி பதினோரு அடியில் திண்ணையும் வாசலும் வந்துவிடும். இரண்டு சக்கர வண்டிகளை நடையின் பக்கவாட்டில் நிறுத்தலாம். இரண்டாவது காருக்கு வெளியே இடம் பாருங்கள்.

உயரம்

உங்கள் தாளில் உள்ள அளவுகளைப் பாருங்கள். பழைய மாடி வீடு ஒன்றில் தரைமட்டம் 2 அடி, கீழ்த்தளம் 12½ அடி, மேல்தளம் 11 அடி, கைப்பிடிச் சுவர் 2½ அடி, ஆக 28 அடி என்று இருக்கலாம். நீங்கள் இன்றைய வழக்கப்படி தளத்துக்கு 10 அடி என்று மூன்று தளம் போட்டால், 28 அடியில் உங்கள் கட்டடத்தில் எந்தக் கோடும் இருக்காது. தளங்களின் விளிம்பு பக்கத்து வீட்டின் ஜன்னல் நடுவில் போய் முட்டும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ உறுத்தும்.

கீழ்த்தளத்துக்கு மட்டுமாவது பழைய உயரத்தைக் கொடுங்கள். கூடுதலாக ஆகும் இரண்டரை அடிச் சுவரின் செலவை, வெயிற்காலத்தில் உள்ளே நின்று பார்க்கும்போது மறந்துவிடுவீர்கள். மேல்தளமும் கைப்பிடிச் சுவரும் 28 அடியில் முடியட்டும்.

மூன்றாவது தளம் கட்டாயம் வேண்டும், விதியும் அனுமதிக்கிறது என்றால் அதைப் பின்னால் தள்ளுங்கள். எவ்வளவு தள்ளினால் தெருவில் நிற்பவர் கண்ணில் படாது என்பதை நீங்களே கணக்கிடலாம். முகப்பு தெரு விளிம்பில் இருப்பதாகவும் தெரு 24 அடி அகலம் என்றும் கொள்வோம். எதிர்ச் சுவரை ஒட்டி நிற்பவரின் கண் 5 அடி உயரத்தில் இருக்கும். அங்கிருந்து உங்கள் கைப்பிடிச் சுவரின் உச்சிக்கு ஒரு கோடு இழுத்தால், 24 அடி தூரத்துக்கு 23 அடி ஏறுகிறது. மூன்றாம் தளத்தின் உச்சி 38 அடி, அதாவது கண்ணுக்கு மேல் 33 அடி. அதே சரிவில் கோடு அந்த உயரத்தைத் தொட ஏறத்தாழ 34½ அடி தூரம் போக வேண்டும். தெருவின் 24 அடியைக் கழித்தால் பத்தரை. பதினொரு அடி தள்ளினால் போதும், முன்னால் ஒரு நல்ல மொட்டைமாடியும் கிடைக்கும்.

தெருமுனையிலிருந்து வருகிறவருக்கு அந்தத் தளத்தின் பக்கச் சுவர் தெரியும் என்பதை மறக்காதீர்கள். பூசாத செங்கல்லாக அதை விட்டுவிடுவது நம் ஊர் வழக்கம். முகப்புக்குக் கொடுத்த அதே பூச்சை அதற்கும் கொடுங்கள். தண்ணீர்த் தொட்டியும் இந்தக் கணக்குக்குள் வர வேண்டும். எவ்வளவோ யோசித்துக் கட்டிய வீட்டின் தலையில் ஒரு கறுப்பு சின்டெக்ஸ் முன்பக்கம் நின்றால் அதுதான் முதலில் தெரியும். தொட்டியைக் கொல்லைப் பக்கத்துக்குக் கொண்டுபோங்கள். ஏசியின் வெளி யூனிட்டுகளுக்கும் அங்கேதான் இடம்.

முற்றம்

இரண்டு பக்கமும் அடுத்தவர் சுவர். 90 அடி ஆழம். நடுவில் இருக்கும் அறைக்கு வெளிச்சமும் காற்றும் எங்கிருந்து வரும்? வானத்திலிருந்துதான் வர வேண்டும். முற்றத்தை அழகுக்காக வைப்பதாக நினைப்பவர்கள் அதை நாலுக்கு நாலு அடியாகச் சுருக்கி, மேலே கண்ணாடி போட்டு மூடி, கீழே கூழாங்கல் பரப்பிவிடுகிறார்கள். அது முற்றமாக வேலை செய்யாது. சூடான காற்று மேலே ஏறி வெளியே போனால்தான் தெருப்பக்கமும் கொல்லைப்பக்கமும் இருந்து புதுக்காற்று உள்ளே வரும். மேலே மூடிவிட்டால் அந்தக் கண்ணாடியே வீட்டைச் சூடாக்கும்.

இந்த ஆழத்துக்கு ஒன்பது பத்தடிச் சதுரத்தில் இரண்டு முற்றம் வையுங்கள். திருட்டுக்கும் குரங்குக்கும் பயந்தால் இரும்புக் கிராதி போடலாம். மழைக்குக் கூரை வேண்டுமென்றால் இரண்டடி உயர்த்தி, நான்கு பக்கமும் காற்றுப் போக வழிவிட்டுப் போடுங்கள். முற்றத்தில் விழும் மழைநீரைக் கிணற்றுக்கோ உறைகிணறு போன்ற ஊறுகுழிக்கோ திருப்பிவிடுங்கள். விதிப்படி விட வேண்டிய திறந்தவெளியில் முற்றத்தைக் கணக்கில் சேர்க்க முடியுமா என்று பொறியாளரிடம் கேளுங்கள்.

முகத்தில் என்ன வைப்பது

பழையதைப் போலவே அச்சடிக்க வேண்டாம். மரபுச் சின்னங்களைக் காப்பது பற்றிய சர்வதேச ஆவணமான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், பழைய சின்னங்களில் புதிதாகச் சேர்ப்பது அதன் காலத்தின் முத்திரையோடு இருக்க வேண்டும் என்று சொன்னது. சாசனம் பேசுவது சின்னங்களைப் பற்றி. ஆனாலும் தெருவுக்கும் அதை நான் ஏற்கிறேன். உண்மையான 1850ஆம் ஆண்டு வீட்டுக்குப் பக்கத்தில் ஃபைபர் அச்சில் வார்த்த பூவேலை நின்றால் இரண்டையும் சந்தேகப்பட வைக்கும்.

விழுந்துபோன கட்டடத்தை அப்படியே எழுப்புவது வேறு விஷயம். கடற்கரையில் மேரி என்ற பழைய நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்தபோது, பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டினார்கள். ஊர் முழுவதும் நினைவில் வைத்திருக்கும் ஒரு பொதுக் கட்டடத்துக்கு அது நியாயம், அளவும் படமும் ஆதாரமாக இருந்தன. உங்கள் மனையில் இருந்த வீட்டுக்கு அப்படி நல்ல புகைப்படமும் அளவும் இருந்தால் நீங்களும் யோசிக்கலாம். இல்லாவிட்டால் கற்பனையாகப் பழசு செய்ய வேண்டாம்.

புதுமையாகவும் இருந்து பொருந்தவும் முடியும் என்பதற்கு இந்த ஊரிலேயே மிகச் சிறந்த சாட்சி இருக்கிறது. பிரெஞ்சுப் பகுதியில் உள்ள அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதி. 1930களின் பிற்பகுதியில் வேலை தொடங்கிய அதை வடிவமைத்தவர் ஆன்டோனின் ரேமண்ட். ஜார்ஜ் நகாஷிமாவும் பிரான்டிசெக் சாமரும் இங்கேயே தங்கி வேலையை நடத்தினார்கள். ஒளித்துவைக்காத கான்கிரீட். ஒரு ஆர்ச் கிடையாது, ஒரு தூண்தலைப் பூ கிடையாது. ஆனால் அறையின் முழு அகலத்துக்கும் திருப்பித் திறக்கும் சாய்பலகைகள், பழைய வீடுகளின் பலகை அடுக்கு ஜன்னல் செய்த வேலையைச் செய்கின்றன. கூரையில் வளைந்த கான்கிரீட் ஓடுகளுக்கும் அடித்தளத்துக்கும் நடுவே காற்று ஓடுகிறது. எண்பது ஆண்டு கடந்தும் அந்தத் தெருவில் அது துருத்திக்கொண்டு நிற்கவில்லை. போய் வெளியில் நின்றாவது பாருங்கள்.

உங்கள் வீட்டுக்கு வருவோம். ஜன்னல் நீளவாக்கில் நிற்கட்டும், மூன்றடிக்கு ஆறடி. ஆறடி அகலத்துக்கு நாலடி உயரமென்று அலுமினிய ஸ்லைடிங் வேண்டாம். முகப்பில் சுவர் அதிகமாகவும் திறப்பு குறைவாகவும் இருக்கட்டும். தூண் மரமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மெல்லிய இரும்புத் தூணும் நன்றாகவே நிற்கும், இடைவெளி பக்கத்து வீட்டுத் தூண்களின் இடைவெளியை ஒட்டி இருந்தால் சரி. கடல் காற்றுக்கு இரும்பில் வண்ணப்பூச்சை விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தாழ்வாரத்துக்கு நாட்டு ஓடு போடுங்கள். மொட்டைமாடிக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, மேலே தட்டோடு பதியுங்கள். சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு முடிந்தால் மிக நல்லது. ஆரோவில்லிலும் காரைக்குடிப் பக்கமும் அந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பளபளக்கும் எமல்ஷனும், முகப்பில் ஒட்டும் கிரானைட்டும், கண்ணாடிச் சுவரும் இந்தத் தெருவுக்கு ஒத்துவராது.

பக்கத்து வீட்டை உடைக்காமல் கட்டுவது

வரைபடத்தில் எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும், கட்டும்போது பக்கத்துப் பழைய வீட்டில் விரிசல் விழுந்தால் எல்லாம் வீண். அந்தச் சுவர்கள் அச்சுக்கல் என்ற சிறிய செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியவை, அஸ்திவாரமும் ஆழம் குறைவு. மண்ணோ மணற்பாங்கு, நீர்மட்டம் மேலேயே இருக்கும்.

வேலை தொடங்கும் முன் இரண்டு பக்கத்து வீடுகளிலும் இருக்கும் விரிசல்களைப் புகைப்படம் எடுத்து, தேதி போட்டு, அந்த வீட்டுக்காரரும் நீங்களும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அளவெடுக்கப் போனபோது கிடைத்த அறிமுகம் இங்கே கைகொடுக்கும். பொதுச்சுவரா, தனிச்சுவரா என்று பத்திரத்தில் பாருங்கள். பொதுச்சுவரென்றால் அதன்மேல் உங்கள் கான்கிரீட் தளத்தை ஏற்றாதீர்கள், தனியாகப் பில்லர் எழுப்புங்கள்.

அந்தச் சுவரோரம் 90 அடிக்கும் ஒரே நாளில் ஜேசிபி விட்டுத் தோண்டக் கூடாது. நாலைந்து அடித் துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்று, கையால் தோண்டி, கான்கிரீட் போட்டு முடித்த பிறகே அடுத்த துண்டு. பில்லர் அடித்தளங்களைச் சுவரை விட்டு உள்ளே தள்ளி, தளத்தைப் பக்கவாட்டில் நீட்டித் தாங்கச் சொல்லி ஸ்ட்ரக்சரல் பொறியாளரிடம் கேளுங்கள். குழியில் ஊறும் தண்ணீரை நாள் முழுக்க மோட்டார் வைத்து இறைத்தால் தண்ணீரோடு அடுத்த வீட்டுக்கு அடியில் இருக்கும் மணலும் வந்துவிடும். ஆகவே அஸ்திவார வேலையைக் கோடையில், நீர்மட்டம் இறங்கியிருக்கும்போது முடித்துவிடுங்கள்.

உங்கள் புதுச்சுவருக்கும் அவர்களின் பழைய சுவருக்கும் நடுவில் ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோ சந்து விழும். அதில் இறங்கும் மழைநீர் பழைய சுவரைத்தான் முதலில் ஊறவைக்கும். உச்சியில் உங்கள் பக்கத்திலிருந்து ஒரு தகடு மூடி, தண்ணீர் உங்கள் மாடிக்கே வழிகிறாற்போல் சாய்த்து விடுங்கள். திறந்துகிடக்கும் பழைய சுவரில் சிமென்ட் பூசி "உதவி" செய்ய வேண்டாம். சுண்ணாம்புச் சுவரில் ஏறும் ஈரம் சிமென்ட் பூச்சுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு செங்கல்லையே உதிர்த்துவிடும். சுண்ணாம்புப் பூச்சுதான் அதற்கு.

கடைசியில் பார்க்க வேண்டியவை

கரண்ட் மீட்டர் பெட்டி, கேபிள், தண்ணீர்க் குழாய், பெயர்ப்பலகை. இவற்றுக்கு யாரும் வரைபடம் போடுவதில்லை, அதனால் எலக்ட்ரீஷியன் தனக்கு வசதியான இடத்தில் அடித்துவிட்டுப் போவார். மீட்டருக்கு நடையின் உள்பக்கச் சுவரில் மாடம் விட்டுக் கட்டுங்கள். குழாய்கள் எல்லாம் முற்றத்துப் பக்கம் இறங்கட்டும். விடுதியோ கடையோ என்றால் பலகையைத் தாழ்வார விளிம்புக்குக் கீழே, கதவுக்கு மேலே, சின்னதாக வையுங்கள். உள்ளிருந்து ஒளிரும் பிளாஸ்டிக் பலகை வேண்டாம்.

குடிபோன பிறகு வரும் முதல் வடகிழக்குப் பருவமழை முடிந்ததும், தை மாதத்தில், அந்தப் பழைய புகைப்படங்களை எடுத்துக்கொண்டு பக்கத்து வீடுகளுக்குப் போய் ஒவ்வொரு விரிசலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். புதிதாக ஒன்று தெரிந்தாலோ, இருந்தது அகன்றிருந்தாலோ பொறியாளரைக் கூட்டிவந்து காட்டி, உங்கள் செலவில் சுண்ணாம்பு வைத்தே சரிசெய்து கொடுங்கள். சந்தின் மேல் போட்ட தகட்டையும் அன்றைக்கே ஏறிப் பார்த்துவிடுங்கள்.